ஸ்கெலட்டன் பக்கங்கள்

ராபர்ட்சன்பேட்டை
8 ஜனவரி 2024

மாண்புமிகு ஷோபா மேடம் அவர்களுக்கு,

ஜூடித் எழுதுவது. போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் பண்ணியிருக்கிறேன், எடுக்கமாட்டேன். ஆபீஸுக்கு நீ கொண்டுவந்த அந்த விக்கியில், எல்லோரும் எழுதி எல்லோரும் படிக்கிற அந்தக் கம்ப்யூட்டர் நோட்டில், பதில் போடலாம் என்றால், நான் ஒரு வரி எழுதினால் பெங்களூரில் பதினோரு பேர் படிக்கிறார்கள், அதில் இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள். அதனால்தான் காகிதம். நம் ஸ்டீவன் தினமும் காலை ரயிலில் அங்கே வேலைக்கு வருகிறவன். உன் ஆபீஸ் வாசலில் கொடுத்துவிட்டுப் போவான். பதிலையும் அவனிடமே கொடு.

என்னுடைய எட்டு லாங் சைஸ் நோட்டையும் விக்கியில் ஏற்றவேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாய். ‘அறிவு ஒரே ஆளிடம் தங்கக் கூடாது’ என்று மீட்டிங்கில் வேறு பேசினாயாமே! நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் கறுப்புக் கோட்டு மாட்டியவர்கள். நீ பெங்களூர் போய் ஆறு வருஷம் ஆகிறது, பெரியவர் சௌந்தரராஜன் சார் உன்னைப் பார்ட்னர் ஆக்கினார், சந்தோஷம். தங்கச் சுரங்கம் மூடிப்போன இந்த ஊர்க் கிளையில் ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு நான். இங்கே கோர்ட்டில் நம் ஆபீஸுக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறதென்றால் அது அந்த எட்டு நோட்டால்தான்.

அதில் என்ன இருக்கிறதென்று தெரியுமா? எந்தப் பெரியவருக்குப் பென்ஷன் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். எந்தச் சாட்சி காலையில் கூப்பிட்டால் தெளிவாகப் பேசுவார், மத்தியானம் ஆனால் தண்ணி போட்டுவிடுவார். யாருக்குப் பங்காருப்பேட்டையில் இன்னொரு குடும்பம். இதையெல்லாம் தெருக்குழாய் மாதிரி நடுவீதியில் வைத்து, வருகிறவன் போகிறவன் எல்லாம் திருகலாம் என்றால் எப்படி? இந்த ஜனங்கள் என்னிடம் சொன்னார்கள். உன் பதினோரு பேரிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. எல்லாம் ஏறிவிட்டால் அப்புறம் நான் எதற்கு? அந்தப் பயமும் இருக்கிறது.

ஏற்றமாட்டேன். என்ன செய்வாயோ செய்துகொள்.

ஜூடித்


பெங்களூர்
10 ஜனவரி 2024

ஜூடித்,

‘பார்த்துப் பிரிங்க மேடம், உள்ள வெடி கீதுன்னு சொன்னாங்க’ என்று சொல்லித்தான் ஸ்டீவன் உன் கடிதத்தைக் கொடுத்தான். நன்றி.

நவம்பரில் உனக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் படுத்திருந்தாய். உன் இடத்தில் சிரிலை அனுப்பினோம். பாவம், புதுப் பையன். நம் கட்சிக்காரர் யாரென்றே தெரியாமல் எதிர்க்கட்சிக்காரருக்கு வணக்கம் வைத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கோர்ட்டே சிரித்தது. நான் உனக்குப் போன் செய்தேன். நூற்று நாலு டிகிரி காய்ச்சலில் நீ, ‘மூணாவது நோட்டு, பச்சை அட்டை, நடுவுல எங்கியோ’ என்றாய். உன் அம்மா தேடி எடுத்தார். உன் கையெழுத்தை அவராலும் படிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட அறிவு யாருக்கு உதவும், சொல்.

பயம் உனக்கு மட்டும் இல்லை. அடுத்த தடவை நீ படுத்தால் யாராவது ஒருவர் வீடு போகும், பென்ஷன் போகும். எனக்கு அந்தப் பயம்.

வேலை முறை சொல்கிறேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் மேலே இடத்தின் பெயரைப் போடு. அதைத் தேடினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ரகசியமானவற்றைப் பூட்டி வைக்க வழி இருக்கிறது, சிரில் போனில் சொல்லித் தருவான். ஏற்றி முடித்ததும் நோட்டை அழித்துவிடு. இரண்டு இடத்தில் இருந்தால் எது சரி என்று நாளைக்கு அடிதடி வரும், கட்சிக்காரர் ரகசியம் வீட்டு அலமாரியில் கிடக்கவும் கூடாது. இது ஆபீஸ் விதி. போட்டது நான்.

‘நான் எதற்கு’ என்று கேட்டிருக்கிறாய். அசடு மாதிரிப் பேசாதே. ஐந்து வாரம் தருகிறேன்.

ஷோபா


ராபர்ட்சன்பேட்டை
12 பிப்ரவரி 2024

ஷோபா,

முடித்துவிட்டேன்டீ. நீயே ஜெயித்தாய், போ.

விரல் தேய்ந்ததுதான் மிச்சம் என்று நான் புலம்பியதும், போனில் வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று சிரில் சொல்லித்தந்தான். ‘மங்கம்மா வந்தாங்க’ என்றால் ‘மாங்காய் வந்தாங்க’ என்று எழுதுகிறது. ‘நந்திதுர்க்’ என்று இடத்தின் பெயரை நாலு தரம் கத்தினேன். பக்கத்துக் கடை ஐடா அக்கா எட்டிப் பார்த்து, ‘இன்னாமே ஜூடித், யாராண்ட சண்டை? உள்ள ஆளே இல்லியே?’ என்று கேட்டுவிட்டுப் போனார்.

சுரங்கக் குடியிருப்புகளில் கோரமண்டல் நாற்பத்தெட்டுப் பக்கம், நந்திதுர்க் முப்பத்தேழு, ஸ்கெலட்டன் அறுபத்தொன்று. எண்ணிக்கையில் நீ பிறந்து வளர்ந்த இடம்தான் முதல். உங்கள் ஸ்கெலட்டன் ஜனம் வம்புக்கு அஞ்சாதது என்பதற்கு உன்னைவிட யார் சாட்சி? நீ சொன்னபடியே இடத்தின் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் இங்கிலீஷில் தலையில் போட்டிருக்கிறேன்.

நிஜத்தைச் சொல்கிறேன், நடுவில் எனக்கே பிடித்துப்போய்விட்டது. போன வாரம் சிரில் ஒரு பென்ஷன் விஷயத்துக்கு என்னைக் கூப்பிடாமலேயே தேடி எடுத்து, மனுவும் எழுதிவிட்டான். தப்பில்லாமல் எழுதியிருந்தான். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

கடைசியாக ஏற்றியது மங்கம்மா பக்கம். இந்த வழக்கு ஏப்ரலில் வருகிறது, நீயும் தெரிந்துவைத்துக்கொள். ஸ்கெலட்டனில் கோவிந்தன் என்று ஒருவர், சுரங்கத்தில் வேலை பார்த்துத் தன் காசில் இரண்டு அறை வீடு கட்டினார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. மனைவியின் அக்காதான் மங்கம்மா. கோவிந்தன் நெஞ்சில் தூசி அடைத்துப் படுக்கையில் கிடந்த பதினோரு வருஷமும் அந்த அம்மாள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். வீட்டை அவருக்கே உயில் எழுதிவிட்டுப் போனார் கோவிந்தன். அவர் போனதும் அவருடைய அண்ணன் மகன் உதய், உயிலே பொய் என்று வழக்குப் போட்டான். ரத்த உறவு இல்லாத மங்கம்மாவுக்கு அந்த உயில் ஒன்றுதான் ஆதாரம். அதில் கையெழுத்துப் போட்ட சாட்சிகள் இரண்டு பேரில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் ஆஸ்டின், சுரங்கத்தில் டைம் ஆபீஸில் இருந்தவர். அவர் வந்து ‘என் முன்னால்தான் எழுதினார்’ என்று சொன்னால் வீடு நிற்கும். சொல்லாவிட்டால் எழுபத்தொரு வயதில் அந்த அம்மாளுக்குப் போக்கிடம் இல்லை. ஆஸ்டின் இங்கிருந்து போய் எந்த ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று ஆறு வருஷம் முன்னால் நாலு பேரை விசாரித்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதுவும் ஏறிவிட்டது.

நேற்று எட்டு நோட்டையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். வயிறு எரிந்தது. ஆனால் தலைக்குக் குளித்தேன்.

ஜூடித்


பெங்களூர்
14 பிப்ரவரி 2024

ஜூடித்,

ஐந்து வாரத்தில் நூற்று நாற்பத்தாறு பக்கம்! பெரியவர் சார் மீட்டிங்கில் உன் பெயரைச் சொன்னார். உன்னைப் பார்த்து இங்கே இருக்கிறவர்களுக்கு வெட்கம் வரவேண்டும். இவர்கள் பக்கத்தைத் திறந்து தலைப்பு மட்டும் போட்டுவிட்டு, உள்ளே ஒரு எழுத்தும் எழுதாமல் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அப்படி வெற்றுப் பக்கங்கள் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி இன்று எழுதிவிட்டேன். வீடு சுத்தமானால்தான் உன் பக்கங்கள் கண்ணில் படும்.

பிளாக்கை எடு. கெஞ்சவைக்காதே.

ஷோபா


ராபர்ட்சன்பேட்டை
25 மார்ச் 2024

ஷோபா,

ஸ்கெலட்டன் எங்கே?

கேலி இல்லை, கேட்கிறேன். கோரமண்டல் இருக்கிறது. நந்திதுர்க் இருக்கிறது. ஸ்கெலட்டன் என்று அடித்தால் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. அறுபத்தொரு குடும்பம். நான் என்னவோ தப்பாக அடிக்கிறேன் என்று காலையிலிருந்து எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அடித்துப் பார்த்தேன். சிரிலைக் கேட்டால், ‘அக்கா, நீங்க ஷோபா மேடம்கிட்டயே பேசிடுங்க’ என்று இழுக்கிறான். அந்த இழுப்பைக் கேட்டதும் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

இன்றைக்கு ஏன் திறந்தேன் என்றால், ஆஸ்டினுக்குக் கோர்ட்டு அனுப்பிய சம்மன் திரும்பி வந்துவிட்டது. உயிலில் இருக்கிற பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது, ‘இந்த விலாசத்தில் இல்லை’ என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். புது விலாசத்தைக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஏப்ரல் பதினாறு கடைசி வாய்தா, இனிமேல் தள்ளிவைக்கமாட்டேன் என்று நீதிபதி போன முறையே சொல்லிவிட்டார்.

ஞாபகத்தில் இருக்காதா என்று கேட்பாய். மறந்துபோகலாம் என்பதற்காகத்தானே எழுதியே வைத்தேன்! காட்பாடி என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது, அரக்கோணம் என்று மறு நிமிஷம் தோன்றுகிறது. மகள் பெயர் சுத்தமாக வரவில்லை. நோட்டைப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் டீ கொட்டின கறை வரைக்கும் தெரியும், ஆனால் நோட்டு எங்கே? நீதான் அழிக்கச் சொன்னாய், நானும் மாட்டுப் புத்தியோடு எரித்தேன்.

பதில் சொல். கத்தினாலும் பரவாயில்லை.

ஜூடித்


பெங்களூர்
27 மார்ச் 2024

ஜூடித்,

நீ கடிதம் கொடுத்தனுப்பிய அன்றே சிரில் என் அறைக்கு வந்து அழாத குறையாகச் சொன்னான். இரண்டு நாளாக விக்கி கம்பெனிக்காரனிடம் பேசிப் பார்த்தேன். திரும்பி வராது.

நடந்ததைச் சொல்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லாமல் தலைப்பு மட்டும் நிற்கிற பக்கத்துக்கு இங்கே ஆபீஸ் பாஷையில் ஸ்கெலட்டன் பக்கம் என்று பெயர். வெறும் எலும்புக்கூடு, சதை இல்லை என்று அர்த்தம். பிப்ரவரி பதினாலாம் தேதி நான் எல்லோருக்கும் எழுதியது ஒரே வரி. ‘ஸ்கெலட்டன் பக்கங்களை எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் நீக்கவும்.’ வேலையைச் சுனிலிடம் கொடுத்தேன். அவன் ஹூப்ளிக்காரன், நம் ஊரை மேப்பில்கூடப் பார்த்ததில்லை. அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினான். உன் அறுபத்தொன்றும் வந்து நின்றன. உள்ளே தமிழில் எழுத்து நிறைய இருக்கிறதே என்று அவனுக்குச் சந்தேகம். ‘இவையும் சேர்த்தா மேடம்?’ என்று விக்கியிலேயே கேட்டான். நான் வேறொரு மீட்டிங்கில் இருந்தேன். போனைப் பார்த்து, படிக்காமல், சரி என்று கட்டைவிரலைப் போட்டேன்.

ஸ்கெலட்டனில் பிறந்தவள் நான். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூட நோட்டில் விலாசமாக எழுதிய சொல். அதை நானே டைப் அடித்தேன், எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படு. நீக்கிய பக்கம் குப்பைத் தொட்டியில் முப்பது நாள் இருக்கும். அதற்குள் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் எடுத்திருக்கலாம். நீ முப்பத்தெட்டு நாள் கழித்துத் திறந்திருக்கிறாய். இடையில் ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை, பதிவு சொல்கிறது. எழுதிப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது, படிக்கிறது மற்றவர்கள் வேலை என்று இருந்துவிட்டாய். தலைக்குக் குளித்துவிட்டாய், இல்லையா?

மங்கம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. கட்சிக்காரர் குறிப்பைத் தொலைத்த ஆபீஸ் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் கிளையை மூடிவிடுவார்கள். இன்னும் இருபது நாள் இருக்கிறது. காட்பாடியில் சிரில் தேடட்டும், அரக்கோணம் நீ போ. நான் பழைய போன் பட்டியல்களைப் பார்க்கிறேன். கண்டுபிடித்துவிடுவோம்.

ஷோபா


ராபர்ட்சன்பேட்டை
18 ஏப்ரல் 2024

ஷோபா,

போயிற்று.

அரக்கோணத்தில் மூன்று சர்ச்சில் கேட்டேன். ஒரு ஆஸ்டினைக் காட்டினார்கள், அவனுக்கு இருபத்தாறு வயது. காட்பாடியில் சிரில் நாலு நாள் வெயிலில் அலைந்து காய்ச்சலோடு திரும்பினான். பதினாறாம் தேதி எழுந்து நின்று இன்னும் ஒரு வாய்தா என்றேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘எத்தனை முறை கேட்பீர்கள் அம்மா?’ என்று கன்னடத்தில் கேட்டார். சாட்சி விசாரணை முடிந்தது என்று எழுதிவிட்டார். விடுமுறை கழித்து ஜூன் பத்தாம் தேதி வாதம். சாட்சி இல்லாத உயிலை வைத்துக்கொண்டு என்ன வாதம் செய்ய? உதய் வராந்தாவிலேயே பெயின்ட் அடிக்கிறவனுக்குப் போன் போட்டான்.

மங்கம்மா அம்மாள் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கன்னடம் பேசத் தெரியும், ஆனால் உள்ளே நடந்தது எட்டவில்லை. ‘இன்னாம்மா, நல்லதா சொன்னாரா?’ என்று கேட்டார். நான் ஓடிவந்துவிட்டேன். இரண்டு நாள் மூஞ்சியைக் காட்டவில்லை.

உன் பேச்சைக் கேட்டு மறைத்தேன் என்று எழுத ஆசைதான். உன் பேச்சுக்காக மட்டும் இல்லை. ‘எல்லாம் எங்களாண்ட பத்திரமா கீது, நீங்க ஒன்னும் நினைக்காதீங்க’ என்று ஆறு வருஷமாக அந்த அம்மாளிடம் நான் பெருமை அடித்திருக்கிறேன். தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்று காலை மனசு கேட்காமல் போனேன். வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது, எரித்தது, உங்கள் ஆபீஸில் அழித்தது, இருபது நாள் ஆஸ்டினைத் தேடியது. கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த அம்மாள் கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

‘ஆஸ்டின் அண்ணனையா தேடுனீங்கோ?’ என்றார். ‘அவரு திருப்பத்தூர்ல பொண்ணு வூட்ல கீறாரு. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவாரு. போன வாரம்கூட கேட்டாரு, இன்னாம்மா, கோர்ட்ல என்னை எப்போ கூப்புடுவாங்கோன்னு. வக்கீலம்மா பாத்துக்குவாங்கண்ணேன்னு சொன்னேன்.’

‘எங்ககிட்ட ஏன்மா சொல்லலை?’ என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது!

‘நீங்க கேக்கவே இல்லியேம்மா’ என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கழுதைகள் நாம். எனக்கு என் நோட்டு, உனக்கு உன் விக்கி, எது ஒசத்தி என்று நாலு மாசம் சண்டை போட்டோம். வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்க நாதி இல்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்டீ. அந்த அம்மாளே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆஸ்டினிடம் பேசிவிட்டேன். எண்பத்திரண்டு வயது, குரல் கணீரென்று இருக்கிறது. ‘நாளிக்கே வரேன்’ என்கிறார். கோர்ட்டுக் கதவுதான் மூடிவிட்டது. திறக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். தாமதத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்று நீயே சொல்.

ஜூடித்


பெங்களூர்
20 ஏப்ரல் 2024

ஜூடித்,

கோடை விடுமுறைக்கு முன்னால் மனு உள்ளே போய்விட வேண்டும். திங்கட்கிழமை காலை ரயிலில் நானே வருகிறேன். நீதிபதி முன்னால் நான்தான் நிற்பேன். திட்டுவார், செலவுத் தொகை போடுவார், முடியாது என்று தள்ளினாலும் தள்ளுவார். தள்ளினால் அந்த வீடு போய்விடும் என்பது எனக்குத் தெரியும். நேற்றிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை.

மனுவோடு வைக்கிற பிரமாணப் பத்திரத்தைப் பெரியவர் சார் பார்த்தார். காரணம் எழுதிய இடத்தை அடித்துவிட்டு, ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தார். எல்லா ஆபீஸும் எழுதுவதுதான், நானே நூறு மனுவில் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை மாட்டேன் என்றேன். ‘ஆபீஸ் பேரு என்னம்மா ஆகிறது?’ என்று கேட்டார். அந்தப் பேருக்குப் பயந்துதான் சார் இருபது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்றேன். அப்புறம் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் பார்ட்னர் பதவி என்ன ஆகும் என்று தெரியாது.

இனிமேல் விக்கியில் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரியாக, கட்சிக்காரரிடம் கடைசியாகப் பேசிய தேதி இருக்கவேண்டும் என்று எழுதலாமா என்று யோசித்தேன். உடனே என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். மறுபடியும் விதி போடக் கிளம்பிவிட்டேன், பார். முதலில் மங்கம்மா வீட்டுக்குப் போய்விட்டுத்தான் கோர்ட்டுக்கு வருவேன். அவர் வையட்டும்.

பத்திரத்தைக் கன்னடத்தில் அடித்திருக்கிறேன். உனக்காகத் தமிழில் சொல்கிறேன். முதல் பத்தி வழக்கு விவரம். இரண்டாவது, குறிப்புகள் எப்படி அழிந்தன என்பது, நான் போட்ட உத்தரவோடும் கட்டைவிரலோடும் சேர்த்து. மூன்றாவது பத்தியை நாலு தரம் எழுதி நாலு தரம் கிழித்தேன். கடைசியில் இப்படி நிற்கிறது:

‘சாட்சியின் விலாசமும் தொலைபேசி எண்ணும் முதலிலிருந்தே எங்கள் கட்சிக்காரரிடம் இருந்தன. அவரிடம் கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.’

கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.

ஷோபா